இறங்க மறுத்த எண்

கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில், ஒரு வீட்டுப் பின்தோட்டக் கொட்டகை. உள்ளே மூடியிட்ட பிளாஸ்டிக் வாளியில் கறுப்பு பீர் நொதித்துக்கொண்டிருந்தது. மூடியில் ஒட்டிய தாளில் தேதிவாரியாக எண்கள். 1.060இல் தொடங்கி 1.016க்கு இறங்கியிருக்க வேண்டிய ஸ்டவுட், 1.026இல் நின்று ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. வாளிக்குச் சொந்தக்காரர், பாதாள ரயிலில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர்கள் இருவரை வரவழைத்திருந்தார். ஒருவர் செவிலியர். மற்றவர் ரயில் பாலத்தின் வளைவுக்கடியில் இயங்கும் சிறு பீர் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர்.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இவர்களின் ஹைட்ரோமீட்டர் எளிதில் புரியும். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் மேலே எழும்பும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்ற மாற்ற, கருவி அமிழும். தொடக்க எண்ணுக்கும் இறுதி எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் பீரின் வீரியம். 1.016 வரை வந்தால் 5.8 சதவீதம் ஆல்கஹால். 1.026இல் நின்றால் 4.5தான், நாக்கிலும் இனிப்பு தங்கும்.

ஈஸ்டை இன்னும் கொஞ்சம் கொட்டிப் பார்க்கலாமே என்றேன். பெரியவர் தலையசைத்து மறுத்தார். "முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்."

கருவியைச் சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டார். சரியாக 1.000. கண்ணாடிக்குள் இருக்கும் அளவுத்தாள் சில சமயம் நழுவிவிடும், அதனால்தான் இந்தச் சோதனை. பிறகு பீர் மாதிரியை இரு குவளைகளுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கினார். குமிழ்கள் கருவியில் ஒட்டினால் அதைத் தூக்கிவிடும், எண் கூடித் தெரியும். மாதிரியின் வெப்பம் 20 டிகிரிதானா என்றும் பார்த்தார். இளைஞர் தன் பையிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தபோது செவிலியர் சிரித்தார். ஆல்கஹால் கலந்துவிட்ட பீரில் அது உள்ளதைவிடக் கூட்டியே காட்டும், கணக்குப் போட்டுத் திருத்தினால்தான் ஆகும். ஹைட்ரோமீட்டர் மறுபடியும் 1.026 என்றது. எண் பொய்யில்லை.

அடுத்த விசாரணை ஈஸ்ட் மீது. ஆங்கில ஏல் ஈஸ்டுகளில் பல, வேலை முடியும் முன்பே திரண்டு அடியில் படிந்துவிடும். கொட்டகை குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம். செவிலியர் இதற்காகவே சில நாள் முன்பு ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். பீரில் சிறிதளவு எடுத்து, தாராளமாகப் புது ஈஸ்ட் சேர்த்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து அடிக்கடி கலக்கிவிட்டார். அந்தக் குடுவையில் எண் எங்கே நிற்கிறதோ, அதுதான் அந்தப் பீர் இறங்கக்கூடிய எல்லை. அன்று அளந்தபோது 1.024. ஈஸ்டுக்குத் தின்ன இனி அதிகம் மிச்சமில்லை, குற்றம் ஈஸ்டுடையதல்ல.

அப்படியானால் மிச்சமிருக்கும் இனிப்பு ஈஸ்டால் தின்ன முடியாதது. கறுப்பு பீரில் அது ஓரளவு இருக்கவே செய்யும். நிறத்துக்கும் சுவைக்கும் சேர்க்கும் கிரிஸ்டல் மால்ட், வறுத்த பார்லி இரண்டும் அத்தகைய பொருள்களைக் கொண்டுவருபவை. ஆனால் சமையல் குறிப்பில் அவற்றின் அளவு மிதம்தான். மீதமிருப்பது மேஷ். அதாவது, அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் முதல் நாள் வேலை. மால்ட்டிலுள்ள பீட்டா அமிலேஸ் என்ற என்சைம் 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இயங்கி, மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாக வெட்டும். சூடு 70ஐ நெருங்கினால் அது விரைவில் செத்துவிடும். ஆல்ஃபா அமிலேஸ் மட்டும் வேலை செய்து, ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின்களை நிறைய விட்டுவைக்கும்.

குறிப்பேட்டில் மேஷ் 66 டிகிரி என்றிருந்தது. பெரியவர் நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தன் வெப்பமானியைச் செருகினார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 3. கொதிநீரில் 97. எங்கும் மூன்று டிகிரி குறைத்தே காட்டியிருக்கிறது. 66 என்று நம்பிய மேஷ் உண்மையில் 69.

லண்டனுக்கும் ஹைட்ரோமீட்டருக்கும் பழைய உறவு உண்டு. போர்ட்டர் என்ற கறுப்பு பீர் 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பிறந்தது. ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் ஹைட்ரோமீட்டர் அளவீட்டைப் பற்றி நூல் வெளியிட்ட காலத்தில், பழுப்பு மால்ட் தரும் சர்க்கரை வெளிர் மால்ட்டைவிடக் குறைவு என்பது கணக்கில் தெரியவந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின, நிறம் போயிற்று. அந்தக் குறையைத் தீர்த்தது, 1817இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற உருளை வறுவல் முறையில் தயாரான கறுப்பு மால்ட். இன்றைய ஸ்டவுட்டின் கருமை அந்த வழியில் வந்தது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்றானது 1963இல். விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்றும் உண்டு.

குளுக்கோ அமிலேஸ் என்சைமை வாளியில் போட்டால் டெக்ஸ்ட்ரினும் கரையுமே என்றார் இளைஞர். பெரியவர் ஒப்பவில்லை. அதைப் போட்டபின் வேண்டிய இடத்தில் நிறுத்துவது எளிதல்ல. பீரின் திடமெல்லாம் போய்த் தண்ணீராகிவிடும். கொட்டகையை 21 டிகிரிக்குச் சூடேற்றி, அடியில் படிந்த ஈஸ்டை மெல்லக் கலக்கி, எண் மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைப்பதென்று முடிவாயிற்று. நொதித்தல் முடியாமல் அடைத்தால் உள்ளே வாயு பெருகிப் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு ஆளையே காயப்படுத்தும். ஒரு வாய் ருசி பார்த்த செவிலியர், இனிப்பு ஸ்டவுட் என்று பெயர் வைத்துவிட்டால் பழுதில்லை என்றார். பெரியவர் ஒப்புக்கொண்டார்.

இந்தப் பழுது வெளியே தெரிந்தது கடைசி வாரத்தில்; நேர்ந்தது முதல் நாளின் முதல் மணி நேரத்தில். கறுப்பு பீர் இறங்காமல் நின்றால் கருவி, ஈஸ்ட், மால்ட், மேஷ் என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அடுப்பைப் பற்றவைக்கும் முன், வெப்பமானியைப் பனிக்கட்டி நீரில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.