அடங்காத மலை, அஞ்ச வைக்கும் கடல்

இந்துமாக் கடலின் ரீயூனியன் தீவுக்குக் கடற்கரையைத் தேடிப் போகிறவர்களை எரிமலை தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

ரீயூனியன் தீவில் எரிமலை கக்கத் தொடங்கினால் மக்கள் ஓடுகிறார்கள் - எரிமலையை நோக்கி. நள்ளிரவானாலும் குழந்தைகளையும் சாப்பாட்டுப் பாத்திரங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மலைச் சாலையின் ஓரத்தில் கார்கள் நீண்ட வரிசையில் நிற்கின்றன. இருட்டில் சிவப்புக் கோடாக இறங்கும் குழம்பைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் வீடு திரும்பி வேலைக்குப் போகிறார்கள். இதே மக்கள் மேற்குக் கரையில் பளிங்கு போன்ற கடலை மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்களே தவிர, பல இடங்களில் இடுப்பளவு நீருக்குக்கூடப் போக மாட்டார்கள்.

இந்த விசித்திரம்தான் ரீயூனியன். மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில், மொரீஷியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிறது. பரப்பு 2,512 சதுர கி.மீ. மக்கள்தொகை ஏறக்குறைய 9 லட்சம். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். 2002 புத்தாண்டன்று யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தபோது, கடிகாரம் முந்தியிருந்ததால் முதல் வியாபாரம் இங்கேதான் நடந்தது என்று தீவினர் பெருமைப்படுகிறார்கள். தலைநகர் சாந்த் தெனியின் சந்தையில் மேயர் வாங்கிய ஒரு கிலோ லிச்சிப் பழம்தான் அது.

தீவு முழுவதும் எரிமலை கட்டிய கட்டடம். கடலடியிலிருந்து அளந்தால் இதன் உயரம் சுமார் 7,000 மீட்டர். அதில் கடைசி 3,000 மீட்டர்தான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. பூமிக்கு அடியில் இதைச் சூடேற்றும் அடுப்புக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலப்பரப்பு இந்த அடுப்பின் மேலே வந்தபோது பீறிட்ட குழம்புதான் தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளாக உறைந்தது என்பது புவியியலாளர்களின் கருத்து. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்ட பாறை அது. லட்சத்தீவு, மாலத்தீவுகளின் அடித்தளத்தையும் பிறகு மொரீஷியஸையும் உருவாக்கிவிட்டு, அந்த அடுப்பு இப்போது ரீயூனியனில் எரிகிறது.

மொரீஷியஸைப் போலத் தீவைச் சுற்றிலும் வெண்மணல் கிடைக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். 200 கி.மீ.க்கும் அதிகமான கரையில், பவளப்பாறை அரண் போட்ட பகுதி ஏறக்குறைய 25 கி.மீ. மட்டுமே. மேற்கே சேன் ழில் ஊரை ஒட்டிய எர்மித்தாழ், லா சலீன் கடற்கரைகள் அங்கேதான் இருக்கின்றன. கரையெங்கும் நம் ஊர்ச் சவுக்கு மரங்கள். பாறை அணைக்கு உள்ளே தண்ணீர் பெரும்பாலும் இடுப்பு, மார்பு ஆழம்தான். கண்ணாடி மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால் போதும். கிளிமீனும் கடல் வெள்ளரியும் கண்ணுக்கு நேரே தெரியும். பவளத்தை மிதிக்கக் கூடாது, ஒரு துண்டைக்கூட எடுத்துப் போகக் கூடாது. 2007 முதல் இது பாதுகாக்கப்பட்ட கடல் சரணாலயம். அணை உடைந்து ஆழ்கடலோடு சேரும் வாய்களில் நீரோட்டம் ஆளையே இழுத்துப் போகும் என்பதால் அந்தப் பக்கம் போகக் கூடாது.

அரணுக்கு வெளியே இருப்பது வேறு கதை. புக்கான் கனோ, ரோஷ் நுவார் கடற்கரைகளும் சேன் லெ ஊரின் அலையும் ஒரு காலத்தில் உலகத்து அலைச்சறுக்கு வீரர்களைக் கவர்ந்தவை. சர்வதேசப் போட்டிகள் நடந்த இடங்கள். 2011லிருந்து நிலைமை தலைகீழாக மாறியது. 2019 வரையிலான காலத்தில் காளைச் சுறாவும் புலிச் சுறாவும் தாக்கி 11 பேர் இறந்தார்கள். 2013 ஜூலையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி கரையிலிருந்து சில மீட்டர் தூரத்தில் பலியானதும், பவள அரணுக்கு உள்ளேயும் காவல் உள்ள இடங்களிலும் தவிர வேறெங்கும் குளிக்கவோ சறுக்கவோ கூடாது என்று நிர்வாகம் தடை விதித்தது. பிறகு பலமுறை அந்த ஆணை புதுப்பிக்கப்பட்டது.

தடை கரையோர வாழ்க்கையை உலுக்கிவிட்டது. சறுக்குப் பள்ளிகள் மூடப்பட்டன. கடைகள் காற்று வாங்கின. சரணாலயத்தில் மீன் பிடிக்கத் தடை போட்டதால்தான் சுறாக்கள் கூடின என்றார்கள் சறுக்கு வீரர்கள். மலையிலிருந்து இறங்கும் கலங்கல் நீரும் கரையோரக் கட்டடங்களின் கழிவும்தான் காளைச் சுறாவை அழைக்கின்றன என்றார்கள் மற்றவர்கள். 2017ல் அமெரிக்க உலக சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர், சுறாக்களைத் தினமும் கொன்று குறைக்க வேண்டும் என்று எழுதியபோது சர்ச்சை உலகம் முழுவதும் பரவியது. வலை கட்டியும் நிம்மதி இல்லை. 2016 ஆகஸ்டில் புக்கான் கனோவில் வலை போட்ட பகுதிக்குள்ளேயே ஓர் இளைஞர் தாக்கப்பட்டார். வலையில் ஓட்டை இருந்தது பிறகு தெரியவந்தது. அதே ஆண்டில் சுறா அபாயத்துக்கென்றே தனி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. கடலடியில் மூழ்கிக் காவல் இருப்பவர்கள், வலைகள், குறிவைத்து நடக்கும் சுறா பிடிப்பு எல்லாம் சேர்ந்து, சில அலைகள் மட்டும் மெல்ல மெல்ல மீண்டும் திறந்திருக்கின்றன.

குளிக்க முடியாது என்பதற்காகக் கரைகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. தெற்கே எதான் சாலே கடற்கரையின் மணல் கரிப்பொடி போலக் கறுப்பு. எரிமலைப் பாறை அரைபட்டு வந்த மணல் அது. நண்பகலில் செருப்பில்லாமல் நடந்தால் கால் பொத்துப் போகும். சேன் லெவுக்கு அருகே கரும்பாறைத் துவாரம் ஒன்றில் அலை புகுந்து, பீரங்கி வெடித்தது போன்ற ஓசையோடு நீர்த்தூண் எழுப்புகிறது. அதே ஊரில் இருக்கும் கெலோனியா, இறைச்சிக்கும் ஓட்டுக்கும் ஆமை வளர்த்த பழைய பண்ணை. இன்று அடிபட்ட கடல் ஆமைகளுக்குச் சிகிச்சை தரும் நிலையம். கிராந்த் ஆன்ஸில் தென்னந்தோப்பும் வெண்மணலும் திரைப்படக் காட்சி போல விரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பாத்திரங்களில் சோறும் குழம்பும் கொண்டுவந்து குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை திமிங்கிலங்கள் குட்டி ஈன வருவதைக் கரையிலிருந்தே பார்க்க முடியும்.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் எரிமலையின் ராஜ்ஜியம். பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர் உயரம். 'உலைச் சிகரம்' என்று பொருள். 17ம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் கக்கியிருக்கிறது. உலகின் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்றாக இருந்தும் ஆட்களைக் கொல்வது மிகவும் அபூர்வம். காரணம், கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கும் லாடம் போன்ற பெரும் பள்ளம் ஒன்று அதைச் சுற்றியிருக்கிறது. கக்கும் குழம்பில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

விதிவிலக்கு 1977. அந்த ஏப்ரலில் பள்ளத்துக்கு வெளியே பிளவு திறந்து, பித்தோன் சாந்த் ரோஸ் கிராமத்துக்குள் குழம்பு இறங்கியது. வீடுகள் எரிந்தன, மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. மாதா கோயிலைச் சூழ்ந்த குழம்பு வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. உறைந்த கரும்பாறை இன்றும் சுவரோடு ஒட்டிக் கிடக்க, 'குழம்பின் மாதா' என்ற பெயரில் கோயிலில் வழிபாடு நடக்கிறது. பக்தர்களுக்கு அது அற்புதம்; அரசுக்கு எச்சரிக்கை. இரண்டே ஆண்டுகளில் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று மலை சற்று வீங்கினாலும், பூமி மெல்ல நடுங்கினாலும் கருவிகள் சொல்லிவிடுகின்றன. கக்கும் அறிகுறி தெரிந்தால் பள்ளத்துக்குள் போகும் வழியை நிர்வாகம் மூடிவிடுகிறது.

2007 ஏப்ரலில் நடந்தது நூற்றாண்டின் பெரிய நிகழ்ச்சி. உச்சியிலிருந்த தொலோமியு வாயின் அடித்தளம் சில நாட்களில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. கீழே குழம்பு நெடுஞ்சாலையை விழுங்கிக் கடலில் பாய்ந்து, தீவுக்குப் புதிய நிலம் சேர்த்தது. அந்தப் பாறையின் மேலேயே சாலையை மறுபடியும் போட்டார்கள். சாலையோரத்தில் எந்த ஆண்டில் வந்த குழம்பு என்று பலகைகள் நிற்கின்றன. பழைய பாறையில் பெரணி முளைத்திருக்கிறது. இன்னும் பழையதில் காடே வந்துவிட்டது. அருகிலுள்ள சேன் ஃபிலிப் காடுகளில் வெனிலாக் கொடி படர்கிறது. வெனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை 1841ல் கண்டுபிடித்தவன் இந்தத் தீவின் 12 வயது அடிமைச் சிறுவன் எட்மோன் அல்பியுஸ். உலகம் இன்றும் அவன் முறையைத்தான் பின்பற்றுகிறது.

மலை உச்சிக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும். பத்து மணிக்குள் மேகம் மூடிவிடும். பசும்புல் மேய்ச்சல் நிலங்களைக் கடந்து, செந்நிறமும் கறுப்புமான 'மணல் சமவெளி'யில் இறங்கினால் செவ்வாய்க் கிரகத்துக்கு வந்துவிட்ட எண்ணம் வரும். பெல்காம்ப் முனையில் சாலை முடிகிறது. அங்கிருந்து செங்குத்தான படிகளில் பள்ளத்துக்குள் இறங்கி, உறைந்த குழம்பின் மேல் வெள்ளைக் குறிகளைப் பின்பற்றி நடக்க வேண்டும். போய்வர அரை நாளுக்கு மேல் ஆகும். நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது.

தீவின் நடுவே அணைந்துபோன எரிமலையான பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர் நிற்கிறது. அதைச் சுற்றி மாஃபாத், சிலாவோஸ், சலாசி என்று மலைச் சுவர்கள் சூழ்ந்த மூன்று பெரும் கிண்ணங்கள். 2010ல் யுனெஸ்கோ இந்த மலைப் பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நானூறு வளைவுகள் கொண்டதாகச் சொல்லப்படும் சாலையில் ஏறினால் சிலாவோஸ். அதன் மைசூர்ப் பருப்பு போன்ற சிறு பருப்பு தீவெங்கும் பிரசித்தம். சலாசியில் திரும்பிய பக்கமெல்லாம் அருவி. மாஃபாத்துக்குச் சாலையே இல்லை. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. இன்றும் சில நூறு பேர் அங்கே வாழ்கிறார்கள். 1951 முதல் 1991 வரை தபால்காரர் ஒருவர் இந்தக் குக்கிராமங்களுக்கு நடந்தே கடிதம் கொண்டுபோனார். மழைக்கும் இங்கே சாதனை உண்டு: 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது. அது உலக சாதனை.

1848 டிசம்பர் 20ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் 'மலபார்' என்று அழைக்கப்படுகிறார்கள். பேச்சு கிரியோலாகிவிட்டது, பெயரின் முன்பாதி பிரெஞ்சாகிவிட்டது. ஆனால் சேன் ஆந்த்ரே ஊரில் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். சேன் பியரில் நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. தட்டில் 'ருகாய்' வந்தால் அது நம் ஊறுகாய் வழிவந்த சொல் என்கிறார்கள். முருங்கைக் கீரை இங்கே 'மூரூங்'.

மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. மலை நடைக்கு ஏற்ற காலம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம். பிரெஞ்சு மண்தான் என்றாலும் ஷெங்கன் விசா எல்லைக்குள் சேராது. விதிகளை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. விலைவாசி ஐரோப்பிய விலைவாசி. கொசு விரட்டி அவசியம்: 2005-06ல் சிக்குன்குனியா தீவினரில் மூன்றில் ஒருவரைப் படுக்கையில் தள்ளியது, 2025லும் திரும்பி வந்தது. மழைக்குப் பிறகும் அந்தி வேளையிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் கடலில் இறங்கக் கூடாது. காவலரைக் கேட்காமல் எப்போதுமே கூடாது.

நெருப்பைக் கக்கும் மலையை நெருங்கிப் பார்க்கவும் அமைதியான கடலைத் தள்ளி நின்று ரசிக்கவும் இந்தத் தீவினர் பழகியிருக்கிறார்கள். மலையை 1977க்குப் பிறகு அளந்துகொண்டிருக்கிறார்கள். கடலை அளக்கத் தொடங்கியது 2011க்குப் பிறகுதான். இரண்டு பாடங்களுக்கும் விலை கொடுத்தாகிவிட்டது. வருகிற விருந்தாளி செய்ய வேண்டியதெல்லாம் எச்சரிக்கைப் பலகையைப் படிப்பதுதான்.