நோட்டு அட்டையில் ஒரு கடற்கரை

பள்ளிக்கூடம் திறந்ததும் எங்கள் வீட்டில் முதல் வேலை, நோட்டுகளுக்கு அட்டை போடுவது. பழுப்புத்தாள் வாங்கக் காசு கேட்டால், அப்பா பழைய ‘சோவியத் நாடு’ இதழ்களைக் காட்டுவார். வழவழப்பான தாள், மழைக்கும் கொஞ்சம் தாங்கும். ஆறாம் வகுப்பில் என் பூகோள நோட்டுக்கு வாய்த்த பக்கத்தில் ஒரு கடற்கரை, கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகள். கீழே ‘ஆர்தெக்’ என்று போட்டிருந்தது. வாத்தியார் நடத்திய பூகோளத்தைவிட அந்த அட்டையைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

கிரீமியாவில், கருங்கடலில் வாய்வைத்துத் தண்ணீர் குடிக்கும் கரடிபோல் நிற்கிற ஆயு-தாக் மலையை ஒட்டி இருக்கிறது அந்தக் கோடை முகாம். 1925 ஜூன் 16-ல் தொடங்கியபோது கட்டடமே கிடையாது. கித்தான் கூடாரங்கள், 80 பிள்ளைகள், அவ்வளவுதான். ஆரம்பித்தவர் சினோவி சொலொவியோவ் என்ற மருத்துவர். காசநோய் தொட்ட பிள்ளைகளுக்கு வெயிலும் கடற்காற்றும் வேண்டும் என்பது அவர் கணக்கு. மர வீடுகளெல்லாம் பிறகு வந்தவை.

1941 ஜூன் 22 அன்று விடுமுறைக்கு வந்து இறங்கிய பிள்ளைகள் பாவம். அன்றுதான் ஜெர்மானியப் படை எல்லை தாண்டியது. மேற்குப் பகுதிப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக ஊரில்லை. அவர்களை ஊர் ஊராக நகர்த்தி, கடைசியில் அல்தாய் மலைப்பக்கம் கொண்டுபோனார்கள். ஒரு மாத விடுமுறை மூன்றரை ஆண்டுக்கு நீண்டது.

என் அட்டையில் இருந்தவை 1960-களின் கட்டடங்கள். அனத்தோலி பொல்யான்ஸ்கி வடிவமைத்தவை. தூண், கோபுரம், சிற்பம் என்று ஸ்டாலின் காலத்தில் இழைத்தார்களே, அதில் எதுவும் இல்லை. ஆலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி, பெரிய பெரிய கண்ணாடி வைத்தார்கள். பழைய கூடாரத்தை அந்த மனிதர் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு அதற்குமேல் கனம் எதற்கு? நேருவும் வந்து பார்த்த முகாம் அது. 1983-ல் அமெரிக்கச் சிறுமி சமந்தா ஸ்மித் வந்து தங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

2014-ல் கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. உக்ரைன், கீவ் நகரத்தை ஒட்டி அதே பெயரில் வேறு முகாம் நடத்துகிறது. கடலோரத்துப் பழைய முகாம்மீது 2023 ஆகஸ்டில் அமெரிக்கா தடை விதித்தது. போரில் ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்ட உக்ரைன் பிள்ளைகளை அங்கே வைத்து ரஷ்ய தேசபக்தி கற்பிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு.