கொடுங்கை

என் வேலை சமையலறை வரைவது. சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் எழும்பிக்கொண்டே இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு மாடுலர் கிச்சன் வரைந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மேல் கேபினெட்டுக்கும் கூரைக்கும் நடுவில் விழும் இடைவெளியை மூட, சாய்வாக ஒரு வேலைப்பாட்டுப் பட்டை ஓடும். கிரௌன் மோல்டிங் என்போம். தச்சு வேலைக்காரர்கள் கார்னீஸ் பீடிங் என்பார்கள். மென்பொருளில் அது ஒரே ஒரு கிளிக். மூலை வந்தால் தானாகவே மடங்கிக்கொள்ளும். கிளையன்ட் "வாவ்" என்பார். ஒரு நாளைக்கு மூன்று கிச்சனுக்குக்கூட மகுடம் சூட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். அப்பா படகுத் தச்சர். பாம்பனில் கடலோரம் ஒரு ஓலைக் கொட்டகைதான் பட்டறை. நாட்டுப்படகு கட்டுவார், விசைப்படகுக்கு ஒட்டு வேலை பார்ப்பார். நாட்டுப்படகுக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபைபருக்கு மாறிய பிறகு புதுக்கட்டு குறைந்துபோய், பழுது பார்ப்பதுதான் மிச்சம். அதற்கும் ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்போது அப்பாவுக்கு மட்டும் மூச்சுவிட நேரமிருக்காது. கரையேற்றிய படகுகளின் பலகை மாற்ற வேண்டும், கலப்பத்து அடிக்க வேண்டும். சின்ன வயதில் அந்தக் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. தூக்குவாளியை வைத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். உளியை எடுத்துப் பார்த்தால், "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு, வையி" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். ஆனால் வைக்கிற வரை பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டுப் பையன் பத்தாவது ஃபெயிலாகி அவரிடம் தொழில் கற்றுக்கொண்டான். நான் டிப்ளமோ படிக்கப் போனேன்.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, பேச்சு கொஞ்சம் குழறல். வலது கை மட்டும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குக் கிச்சன் கட்டிக் கொடுத்தேன். நானே வரைந்தேன், உள்ளூரில் ஆள் வைத்து பிளைவுட்டில் செய்தோம். சன்னல் பக்கம் ஐந்தடி, கதவுப் பக்கம் ஆறடி, 'ட' போல மடங்கும் மேல் கேபினெட். கேபினெட்டை மாட்டிய ஆசாரி அடுத்த வேலைக்கு மண்டபம் பக்கம் போய்விட்டார். கார்னீஸை அப்புறம் வந்து அடிக்கிறேன் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. இடைவெளி அப்படியே கிடந்தது. சென்னையில் அந்த இடைவெளியில் தூசி சேரும், அவ்வளவுதான். எங்கள் தீவில் மணல் சேரும். கச்சான் காத்து கிளம்பினால் மூடின சன்னலுக்குள்ளும் மணல் வரும். அம்மா வாரம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி மேலே துடைக்க ஆரம்பித்தாள். அறுபது வயதில் ஸ்டூல். "நீ படத்துல காட்டுனியே, அது எங்கடி?" என்று ஃபோனில் கேட்டாள்.

2025 மே மாதம் பத்து நாள் விடுப்பு போட்டு வந்தேன். புதுப் பாம்பன் பாலம் திறந்து (ஏப்ரல் 6) ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரயிலில் எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம் துருவோடு நின்றது. உப்புக் காத்தில் இரும்பு என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

வேறு ஆசாரி பிடிக்கலாம் என்று பார்த்தேன், யாரும் சிக்கவில்லை. ஒரு ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் தேக்கில் மூன்று இஞ்ச் மோல்டிங், எட்டடி நீளத்தில் மூன்று வாங்கி வந்தேன்.

முதல் நீளத்தை வெட்டியது மறுநாள் காலை ஏழு மணிக்கு. பாழானது ஏழு பத்துக்கு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மோல்டிங் படச்சட்டம் மாதிரி தட்டையாக உட்காருவதில்லை. கேபினெட் முகத்துக்கும் கூரைக்கும் நடுவில், முதுகில் வெற்றிடத்தோடு, சாய்ந்து நிற்கும். அதைத் தட்டையாகப் படுக்க வைத்து 45 டிகிரியில் வெட்டினால் மூலையில் சேராது. 45 டிகிரி சாய்வில் நிற்கும் மோல்டிங்கைப் படுக்க வைத்து வெட்ட வேண்டுமென்றால், ரம்பத்தை 35.3 டிகிரி திருப்பி 30 டிகிரி சாய்க்க வேண்டும். 38 டிகிரி சாய்வு என்றால் 31.6, 33.9. இந்த எண்களெல்லாம் என் ஃபோனில் இருந்தன. ஆனால் அப்படித் திருப்பவும் சாய்க்கவும் ஆகிற மெஷின் எங்கள் வீட்டில் இல்லை. கைரம்பம்தான். வரைகிறவளுக்கு எண் தெரிந்தால் போதும் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து வெட்டின கட்டையைப் பார்த்தார். இடது கையால் புரட்டினார். "பெட்டி செய்யி" என்றார்.

பெட்டி என்றால் மூடி இல்லாத தொட்டி. அடியில் ஒரு பலகை, இரண்டு பக்கமும் இரண்டு பலகை. மேலே 45 டிகிரியில் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. ரம்பம் அந்தத் தடத்தைவிட்டு விலகாது. மோல்டிங்கை அதற்குள் சுவரில் நிற்கிற அதே சாய்வில் வைத்தால் கணக்கே தேவையில்லை. ஆனால் தலைகீழாக வைக்க வேண்டும். கூரையைத் தொடுகிற விளிம்பு பெட்டியின் அடியில், கேபினெட்டைத் தொடுகிற விளிம்பு மேலே. தலைகீழானதும் இடது வலதாகிவிடும். இரண்டாவது நீளத்தின் நுனியில் அப்பா பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். இடது கைக் கோடு, குழந்தை போட்டது மாதிரி நடுங்கிப் போனது. ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் அதற்குச் சந்தேகம் இல்லை. "வெட்டறதுக்கு முன்னாடி கோடு. எந்தப் பக்கம் போகணும்னு கட்டையில எழுது. மண்டையில எழுதாத."

பெட்டி செய்ய ஒரு முழு நாள். அதற்குள் நான் இரண்டு முறை எரிந்து விழுந்தேன், அவர் ஒரு முறை. அவர் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் முந்திக்கொண்டு முடித்துவிட்டேன், தப்பாக. அது அவருக்குப் பிடிக்காது. பேச்சு குழறுவதைவிட, அடுத்தவர் முடித்து வைப்பதுதான் அவருக்கு வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா சண்டை முடியும் வரை வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூணாவது நாள், பெட்டியில் துண்டுக் கட்டைகளை வெட்டி மூலையில் பொருத்திப் பார்த்தேன். இந்த முறை பக்கம் சரி. ஆனாலும் மூலையில் ஒரு வாய் திறந்தது. அடியில் ஒட்டுகிறது, மேலே ஒரு நூல் விலகல். ஃபோனில் கோணம் பார்த்தேன். 92 டிகிரி காட்டியது. சுவர் 92, அதில் மாட்டின கேபினெட்டும் 92. என் வரைபடத்தில் 90. எந்த வீட்டிலும் சுவர் 90இல் நிற்காது என்று ஆசாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சாக்கு என்று நினைத்து மெயிலில் கடிந்துகொண்டதும் உண்டு.

அப்பாவிடம் மூலைமட்டம் சரியில்லை என்றேன். அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போகிற அந்தச் சிரிப்பு.

"படகுல எங்க பாப்பா மூலைமட்டம்?"

உண்மைதான். ஏரா என்கிற அடிக்கட்டையிலிருந்து வங்குகள் கிளம்பும். ஒவ்வொரு வங்கும் ஒவ்வொரு வளைவு. அதன்மேல் படுக்கிற பலகை முறுக்கிக்கொண்டே போகும். நேர்கோணம் என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. மரம் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து அடுத்த மரத்தைச் செதுக்கிச் சேர்ப்பதுதான் அவர் தொழில் முழுக்க. எனக்கு அந்த மூலை ஒரு பிழை. அவருக்கு அது வெறும் மூலை.

"ரெண்டையும் சாய்ச்சு வெட்டாத. ஒண்ணை நேரா முட்ட விடு. இன்னொண்ணை அது மூஞ்சிக்கு ஏத்தாப்புல குடைஞ்சு எடு."

அப்படியே செய்தோம். ஐந்தடித் துண்டை (பாழான முதல் நீளத்திலிருந்தே அது கிடைத்தது) நேராக வெட்டி மூலையில் முட்ட வைத்தோம். ஆறடித் துண்டின் நுனியைப் பெட்டியில் 45இல் வெட்டினால், வெட்டுமுகத்தின் விளிம்பில் மோல்டிங்கின் நெளிவு அப்படியே தெரியும். அந்த விளிம்பைப் பென்சிலால் கருப்பாக்கி, நூல் மாதிரி பிளேடு போட்ட சின்ன ரம்பத்தால் அதன்மேலேயே அறுக்க வேண்டும். பின்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சரித்து எடுக்க வேண்டும். முன் விளிம்பு மட்டும்தான் அடுத்த கட்டையைத் தொடும். 88ஆக இருந்தாலும் 92ஆக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பிறகு உருட்டு அரத்தால் தேய்க்க வேண்டும். வைத்துப் பார்த்து, எடுத்து, தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து. பதினோரு முறை ஏறி இறங்கினேன். அப்பா கீழே நின்று, ஸ்டூலை ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

இடையில் ஒரு விஷயம். டிப்ளமோவில் இதற்கு கார்னிஸ் என்று படித்தோம். ரோமானியத் தூண், கிரேக்கக் கோயில் என்று பக்கம் பக்கமாகப் படம். கோயில் கூரையோரம் வெளியே வளைந்து நீளும் கல் விளிம்புக்குத் தமிழில் கொடுங்கை என்று பெயர் இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. கொடு என்றால் வளைவு, வளைந்த கை. சிற்ப நூல்களில் கபோதம். ஆவுடையார்கோயிலில் அதன் உச்சம் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், மரச்சட்டமும் கம்பியும் ஆணியுமாகக் கட்டின கூரையையே கல்லில் செதுக்கியிருப்பது தெரியும். ஆவுடையார்கோயில் கொடுங்கை போல ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என ஒரு பேச்சு வழக்கு உண்டு. அந்தக் கொடுங்கைக்கு வேலை இருந்தது. மழை சுவரில் இறங்காமல் வெளியே தள்ளும், நிழல் தரும். எங்கள் கிச்சன் கொடுங்கைக்கு அப்படி எந்தப் பெருமையும் இல்லை. ஒரு சந்தை மறைக்கிறது. மணல் போகாமல் பார்த்துக்கொள்கிறது. அம்மாவை ஸ்டூலிலிருந்து இறக்குகிறது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது தனுஷ்கோடியை எடுத்தார். தாத்தா 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர். இப்போதும் அங்கே மாதா கோயில் சுவர் நிற்கிறது. பவளக் கல் சுவர். மேலே ஒன்றுமில்லை. "தலையில இருக்கதுதான் மொதல்ல போகும்" என்றார். அதனால் ஆணி விஷயத்தில் அவர் இம்மி நகரவில்லை. நான் வாங்கி வைத்திருந்த தலையில்லா இரும்பு ஆணிகளைத் தூக்கிப் போடச் சொன்னார். எங்கள் காத்தில் அது துருவேறித் தேக்கில் கருப்பாகக் கண்ணீர் விடும். பித்தளை ஆணிதான். அதற்கும் முன்னதாகத் துளை போட வேண்டும், இல்லையென்றால் நுனியில் தேக்கு பிளந்துவிடும்.

கூரையும் மட்டமில்லை. ஆறடிக்குள் அரை இஞ்ச் இறக்கம். மோல்டிங்கைக் கூரையோடு ஒட்டினால் கேபினெட் கோணலாகத் தெரியும். மோல்டிங்கைக் கேபினெட்டுக்கு மட்டமாக வைத்து, மேலே மெல்லிய பட்டை ஒன்றைக் கூரையின் நெளிவுக்குக் கவராயத்தால் கோடிழுத்துச் செதுக்கிச் செருகினோம். கவராயத்தை அப்பா இடது கையில் பிடித்தார், நான் அவர் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன். பலகைக்குப் பலகை சேர்க்கும்போது படகிலும் இப்படித்தான் கோடிழுப்பாராம். அந்தக் கோடு நடுங்கவில்லை. கூரையே வழிகாட்டுவதால் நடுங்க இடமில்லை என்பதுதான் காரணம். எனக்கு வேறு காரணம் வேண்டியிருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

கதவுப் பக்கம் கேபினெட் முடியும் வெளிமூலையில் குடைவு வேலைக்கு ஆகாது. அங்கே இரண்டு துண்டையும் சாய்த்து வெட்டித்தான் ஒட்ட வேண்டும். சுவருக்குத் திரும்பும் அந்த ஓரடித் துண்டை அதே எட்டடி நீளத்தின் மிச்சத்திலிருந்தே எடுக்கச் சொன்னார். அப்போதுதான் மரத்தின் ரேகை மூலை திரும்பி ஓடும். கோணத்தைப் பாதியாக்கித் துண்டுக் கட்டையில் நாலு முறை வெட்டிப் பார்த்துவிட்டு, ஃபெவிகால் தடவி, டேப் சுற்றி வைத்தோம். தலைமுடி அளவுக்கு ஒரு சந்து இருந்தது. மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்துத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா ஸ்டூலில் ஏற வேண்டும் என்றார். அம்மா கத்தினாள். இரண்டு பேரும் பிடித்துக்கொள்ள, ஏறி, இடது கைக் கட்டைவிரலை அந்த மூலையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். சரியாக அந்தச் சந்தில் விரல் நின்றது.

"இங்க பொய் சொல்லியிருக்க" என்றார். இறங்கும்போது, "உள் மூலை நல்லாருக்கு."

மூன்றாவது நீளம் தேவைப்படவே இல்லை. அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போடலாமா என்று அம்மா கேட்டதற்கு, பாப்பா பெட்டி, இருக்கட்டும் என்றாராம். இது நான் சென்னை வந்த பிறகு.

நவம்பரில் மழை பிடித்ததும் அம்மா ஃபோன் செய்தாள். வெளிமூலை வாய் திறந்திருக்கிறதாம், நகம் நுழைகிற அளவு. ஈரத்தில் தேக்கு அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் உப்பாது. அதனால் சாய்த்து வெட்டின மூலையில் கோணம் மாறித் திறந்துவிடும். குடைந்து சேர்த்த உள்மூலை அப்படியே இருக்கிறது. பூசி அடைக்கட்டுமா என்று கேட்டாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. நான் முடித்து வைக்காமல் காத்திருந்தேன். தொடாத, கொண்டல் காத்து ஓயட்டும், தை பொறந்தா கொஞ்சம் மூடிக்கும், அப்பறம் என்ன செய்யணும்னு பாப்பா வந்து பாப்பா.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. வெயிட்டிங் லிஸ்ட் 41.