செலவழுங்குதல்

பழந்தமிழில் ‘செலவு’ என்றால் போதல். இன்றைய தமிழில் கையிலுள்ள பணம் போதல். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பொருள்மாற்றத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கி வருகிறேன். கடந்த இரண்டு வாரங்களாக எனக்கு மட்டும் அந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன.

வீடு அரக்கோணத்தில். வேலை சென்னையில், ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில். இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தடத்தின் ஒரு பகுதியில்தான் நான் தினமும் போய்வருகிறேன். புறநகர் மின்ரயில், சென்ட்ரலில் இறங்கியதும் பேருந்து, நடை எல்லாம் சேர்த்துப் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. மாதச் சம்பளம் 47,000 ரூபாய். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய விகிதத்தில் வகுத்திருக்கிறது. சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது செய்தித்தாளில் படித்துக்கொள்ள வேண்டிய எண்.

இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் அழைக்கிறார்கள். ஸ்கூட்டரில் கால்மணி நேரம். சம்பளம் 30,000.

கணக்கு எளியதுதான். மாதம் 24 வேலைநாள், நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் என்றால் கல்லூரிக்குள் கழிவது 144 மணி. சென்னைக்குப் போய்வர 120 மணி. உள்ளூருக்கு 12 மணி. வேலைக்காகக் கொடுக்கும் மொத்த நேரத்தால் சம்பளத்தை வகுத்தால் சென்னை வேலைக்கு மணிக்கு 178 ரூபாய் வருகிறது, உள்ளூர் வேலைக்கு 192. குறைந்த சம்பளம் என்று நாம் சொல்வது மணிக்கணக்கில் கூடுதல் சம்பளமாக இருக்கிறது. இன்னொரு வகையில் பார்த்தால், அந்த 17,000 ரூபாய்க்காக மாதம் 108 மணிநேரத்தை மணிக்கு 157 ரூபாய் வீதம் விற்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் முடிவெடுக்க இரண்டு நாள் போதும். தை மாதத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது 74. இடுப்பு எலும்பில் அறுவை நடந்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். பகலில் உடனிருக்க ஆள் வைத்தால் மாதம் 12,000 கேட்கிறார்கள். உள்ளூர் வேலையென்றால் என் மதிய இடைவேளையும் கணவரின் ஷிஃப்டும் சேர்ந்து, ஆள் இல்லாமலே சமாளித்துவிடலாம். 17,000த்தில் 12,000 கழிந்தால் மிஞ்சுவது 5,000. மணிக்கு 46 ரூபாய்.

“எனக்காகச் சம்பளத்தைக் குறைச்சுக்காதே. ஆள் போட்டுக்கலாம்” என்கிறார் அம்மா. இப்படிச் சொல்லும் அம்மாவை விட்டுவிட்டுப் போவதுதான் கடினம். போகாதே என்றிருந்தால் சண்டையாவது போடலாம்.

பொருளுக்காகப் பிரிவதா, உடனிருப்பதா என்ற கேள்வி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணை. அவற்றுள் மிகப் பல பொருள்வயிற் பிரிவைப் பேசுபவை. தலைவன் தன் நெஞ்சோடு வாதாடுகிறான். நெஞ்சு போ என்கிறது, கண் அவளைப் பார்க்கிறது, கால் தயங்குகிறது. இந்தத் தயக்கத்துக்குத்தான் செலவழுங்குதல் என்று பெயர். அது போகாமலே இருந்துவிடுவதன்று, அவளை ஆற்றுவித்துவிட்டுப் போவதற்காகச் சற்றே தாழ்த்துவது என்கிறார் தொல்காப்பியர். ஈரமில்லாத இலக்கணம்போல் தோன்றினாலும் மனிதரை அறிந்த இலக்கணம் அது.

போகவே மாட்டேன் என்று முடிவெடுத்தவன் பட்டினப்பாலையின் தலைவன். காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வாரேன் என்று நெஞ்சிடம் சொல்லிவிடுகிறான். 301 அடிகளில் அந்த மறுப்புக்கு ஆகும் அடிகள் மிகச் சில. பெரும்பகுதி அவன் வேண்டாமென்ற நகரின் வளமும் கரிகாலனின் வெற்றியுமே. மறுக்கப்படும் பொருளை முழுமையாகக் காட்டினால்தான் மறுப்புக்கு எடை வரும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குத் தெரிந்திருக்கிறது. பொருள் வேண்டாம் என்ற இந்தப் பாட்டுக்குப் புலவர் பெற்ற பரிசு 16 இலட்சம் பொன் என்கிறது கலிங்கத்துப்பரணி. வகுப்பில் இந்த இடத்தில் மாணவர்கள் தவறாமல் சிரிப்பார்கள்.

ஆனால் இந்தப் பாட்டுகளில் எனக்கு இடமில்லை. பிரிபவன் தலைவன், இருப்பவள் தலைவி. அவள் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டுமானால் உடன்போக்கு ஒன்றுதான் வழி, அதுவும் அவன் பின்னால். கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணை அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் சொல்லிவிட்டது. விடியலில் பொருள்வயிற் பிரிந்து இருட்டியதும் திரும்பிவந்து இட்லிக்கு ஊறவைக்கும் தலைவிக்குத் துறை வகுக்கப்படவில்லை.

என் ரயில் தினமும் திருவாலங்காட்டைத் தாண்டிப் போகிறது. காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊர். பெரியபுராணக் கதையில் கணவன் பரமதத்தன்தான் வணிகம் செய்யக் கடலேறிப் போகிறான். பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்து தங்கியும்விடுகிறான். புனிதவதி புறப்பட்டதோ தன் உடலின் அழகை உதறிப் பேயுருவம் பெற்ற பிறகு. அவன் போக ஒரு மரக்கலம் போதுமாயிருந்தது. அவள் போக உருவத்தையே விடவேண்டியிருந்தது. அந்த நிறுத்தத்தில் ரயில் நிற்கும் சில நொடிகளில் இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன். எனக்கு ஒரு சீசன் டிக்கெட் போதுமாயிருக்கிறது, அதன் விலையும் என் ஒருநாள் சம்பளத்தைவிடக் குறைவு. இத்தனை நூற்றாண்டுகளில் இது சின்ன மாற்றமில்லை.

மகளிர் பெட்டியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வழக்கமாக ஒன்றாக வருவோம். மணவூரில் ஏறுபவர் பூக்கட்டுவார். ஒருவர் மாலைச் சமையலுக்கான பீன்ஸைத் திரும்பும் வண்டியிலேயே நறுக்கிவிடுவார். ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகிறவர், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். நான் படிப்பேன். முனைவர் பட்ட ஆய்வுக்கான வாசிப்பில் பாதிக்குமேல் இந்த வண்டியில் நடந்ததுதான். உள்ளூர் வேலை பற்றிச் சொன்னபோது செவிலியராக இருக்கும் தோழி ஒரே கேள்வி கேட்டார்: “வீட்டுக்குக் கிட்ட வந்துட்டா உங்களை உக்கார விடுவாங்களா, டீச்சர்?”

என் கணக்கில் விடுபட்டிருந்த வரி அதுதான். 108 மணிநேரம் மிச்சமாகும் என்று எழுதினேன். யாருக்கு மிச்சமாகும் என்று எழுதவில்லை. ரயிலில் இருக்கும் ஐந்து மணிநேரத்தில் என்னிடம் யாரும் காபி கேட்க முடியாது. பத்திரம், ரேஷன் அட்டை, கேஸ் சிலிண்டர் எதுவும் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையில் என்னைத் தேடி வராது. நெரிசலும் வியர்வையும் முதுகுவலியும் உண்டு. ஆனாலும் அந்த நேரம் என்னுடையது. பயணத்தை வீண்பொழுது என்கிறார்கள். தனக்கென்று வேறு பொழுது உள்ளவர்களுக்கு அப்படி இருக்கலாம்.

ஆகவே மணிக்கு இத்தனை ரூபாய் என்னும் கணக்கு ஓரளவுதான் உண்மை. எல்லா மணிநேரமும் ஒரே சரக்கென்று அது எடுத்துக்கொள்கிறது. அம்மாவின் கையைப் பிடித்துக் கூடத்தில் நடக்கவைக்கும் ஒருமணியும் மூன்றாம் முறை பாத்திரம் தேய்க்கும் ஒருமணியும் ஒரே விலைக்குப் போகுமா? முன்னதற்காக 17,000த்தையும் விடலாம். பின்னதற்காக 46 ரூபாயைக்கூட விடவேண்டியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணவரிடமும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடமும் காட்டினேன். மிச்சமாகும் 108 மணியில் 36 அம்மாவுக்கு, 36 வீட்டுக்கு, 36 எனக்கு. என் 36இல் மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்றரை மணிநேரம் மாடியறையின் கதவு சாத்தியிருக்கும். 17,000 ரூபாய் குறைவதால் கார் வாங்கும் பேச்சு மூன்றாண்டுகள் தள்ளிப்போகும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என் நகையில் கைவைக்க நேரலாம். கணவர் இருமுறை படித்துவிட்டு, “மாடிக்குக் காபி வேணும்னா?” என்றார். “நீங்க கொண்டுவரலாம்” என்றேன். மகள் அந்தத் தாளைக் குளிர்சாதனப்பெட்டியின் மேல் ஒட்டிவிட்டாள்.

உள்ளூர்க் கல்லூரிக்குச் சம்மதக் கடிதம் அனுப்பியாகிவிட்டது. ஜூனில் சேரவேண்டும். இழப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். பூக்கட்டும் தோழியின் கைவேகத்தை இனி அருகிலிருந்து பார்க்க முடியாது. நல்ல நூலகமும், கூர்மையாகக் கேள்வி கேட்கும் இரண்டாமாண்டு மாணவர்களும் சென்னையிலேயே இருந்துவிடுவார்கள். பட்டினப்பாலைத் தலைவன் அந்த நகரை அத்தனை அடிகளில் சொன்னதன் நியாயம் இப்போது இன்னும் நன்றாக விளங்குகிறது.

அந்தத் தாளுக்குச் சட்டபலம் ஏதுமில்லை. கதவு எத்தனை மாலைகள் சாத்தியிருக்கப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் எனக்கு 30,000 என்பது குறைந்த சம்பளமா இல்லையா என்பது தெரியும்.