வாய்ப்பாடும் சாக்லேட்டும்

என் சூட்கேஸில் முறுக்கு இருந்தது. பருப்புப் பொடி இருந்தது. அடியில், பத்திரமாக வேட்டிக்குள் சுற்றி, ஆறு வாய்ப்பாடு புத்தகங்கள் இருந்தன. 'ஒரு குழந்தைக்கு எதுக்குய்யா ஆறு?' என்கிறீர்களா? தங்கையின் உத்தரவு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று!

தங்கை குடும்பம் இருப்பது நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆம்ஸ்டெல்வேனில். ஜப்பானியர்களும் நம்மவர்களும் நிறைந்த ஊர். ட்ராம் ஸ்டாப்பில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து, "ஏனுங்க, பால் வாங்கிட்டீங்களா?" என்று குரல் வருகிறது. திரும்பிப் பார்த்தால் நம்ம கோயமுத்தூர் முகம்! பக்கத்துக் காட்டில், 2000-ம் வருஷம் ஜப்பானியப் பெண்கள் சங்கம் கொடுத்த 400 செர்ரி மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெண் பெயர். பாதி ஜப்பானியப் பெயர், பாதி டச்சுப் பெயர். வசந்தத்தில் கண்கொள்ளாக் காட்சியாம். நான் போன நவம்பரில் அத்தனை பெண்களும் மொட்டை!

காலையில் அம்மாக்கள் சைக்கிளில் கிளம்புகிறார்கள். முன்னால் மரப்பெட்டி, பெட்டிக்குள் மூன்று குழந்தைகள், மேலே மழை. யாரும் குடை பிடிப்பதில்லை. என் மருமகளும் (தங்கை மகள், எட்டு வயசு) அப்படித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். முதுகில் பை என்று ஒன்று தொங்குகிறது. தூக்கிப் பார்த்தேன். ஒரு ஆப்பிளும் ரெண்டு ஸ்லைஸ் ரொட்டியும்தான் கனம்!

தங்கையின் கவலையே அதுதான். மாப்பிள்ளையின் கான்ட்ராக்ட் வருகிற ஜூனில் முடிகிறது. நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோவை. "அங்க அட்மிஷனுக்கு டெஸ்ட் வைப்பாங்கண்ணா. ஏழாம் வாய்ப்பாடு கேட்டா இவ ஏழு நாட்டுக் கொடியைச் சொல்லுவா" என்றாள், கண் கலங்க.

நான் போன வாரமே பள்ளியில் பெற்றோர் கூட்டம். "நீங்களும் வாங்க மச்சான். பி.காம். படிச்சவரு, உங்களுக்காவது கணக்குப் புரியும்" என்று மாப்பிள்ளை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே சொல்லித் தருவது இன்டர்நேஷனல் பிரைமரி கரிக்குலம் என்ற திட்டம். ஷெல் எண்ணெய்க் கம்பெனி, நாடு நாடாக மாற்றலாகும் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் நடத்தியது. அவர்களுக்காகத் தயாரான பாடத்திட்டம் 2000-ல் மற்ற பள்ளிகளுக்கும் வந்தது. சரித்திரம், பூகோளம், சயின்ஸ் என்று தனித்தனிப் பாடங்கள் கிடையாது. சில வாரங்களுக்கு ஒரே தலைப்பு, அதற்குள் எல்லாம் அடக்கம். கணக்கும் மொழியும் மட்டும் தனி.

"இந்த முறை என்ன தலைப்பு?" என்று கேட்டேன்.

"சாக்லேட்!" என்றார் ஸ்காட்லாந்துக்கார டீச்சர்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில், அதுவரை கட்டிய ஃபீஸ் மொத்தமும் தெரிந்தது.

டீச்சர் விளக்கினார். மாயா மக்கள் கோகோவைப் பானமாகக் குடித்தது சரித்திரம். பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில் மட்டும் அந்த மரம் வளர்வது பூகோளம். சாக்லேட் உருகுவது சயின்ஸ். பக்கத்திலேயே ஆம்ஸ்டர்டாம் துறைமுகம். உலகிலேயே அதிகம் கோகோ வந்து இறங்குவது அங்கேதான். கோகோவை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்கு 1828-ல் காப்புரிமை வாங்கியதும் இந்த நாட்டு வான் ஹூட்டன் குடும்பம்தான். ஆக, பாடம் ஊருக்குள்ளேயே கிடக்கிறது.

அப்புறம் எங்களுக்கே வகுப்பு எடுத்தார். ஆளுக்கொரு வேஷம். ஒருவர் கானா நாட்டு விவசாயி, ஒருவர் கப்பல்காரர், ஒருவர் ஃபேக்டரி, ஒருவர் கடைக்காரர். நடுவில் ஒரு சாக்லேட் பார், பத்துத் துண்டு. 'விற்ற காசில் யாருக்கு எவ்வளவு? பிரியுங்கள்!' நான் விவசாயி. பி.காம். மூளையைக் கசக்கி, மூலப்பொருள், கூலி, தேய்மானம் என்றெல்லாம் கணக்குப் போட்டு நாலு துண்டை என் பக்கம் நகர்த்தினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே மூன்றரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நிஜத்தில் விவசாயிக்குப் பத்தில் ஒன்றுகூடத் தேறாதாம். கடைக்காரராக இருந்த பிரேசில்காரர் என் துண்டுகளை ஜாலியாக மென்றுகொண்டிருந்தார்.

கேள்வி நேரம். மாப்பிள்ளை எழுந்தார். "எல்லாம் சரிங்க. ரேங்க் எப்போ போடுவீங்க?"

ரேங்க் இல்லை. தெரிந்த விஷயத்துக்கு மார்க் போடலாம். திறமைக்கு 'ஆரம்பம், வளர்கிறது, தேர்ச்சி' என்று மூன்றே படிகள். புரிதல் என்பது கடைசிவரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். போதாக்குறைக்கு வளர்க்க வேண்டிய குணங்கள் என்று எட்டு. அதில் ஒன்று, புது இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்வது. நல்ல விஷயம்தான். ஆனால், கோவையில் அட்மிஷனுக்கு நிற்கும்போது அந்தக் குணத்தை எந்தக் கவுன்ட்டரில் நீட்டுவது? மாப்பிள்ளை இதைக் கேட்கவில்லை. முகம் கேட்டது.

இதற்குப் பிறகுதான் வீட்டில் வம்பு ஆரம்பித்தது. இந்தத் திட்டத்தில் எந்தத் தலைப்பு எடுத்தாலும் தங்கள் சொந்த நாட்டோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். "மாமா, நம்ம ஊர்ல கோகோ இருக்கா?" என்று கேட்டாள் மருமகள்.

இருக்கிறதாவது! பொள்ளாச்சியில் எங்கள் தென்னந்தோப்புக்குள்ளேயே ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. வருஷா வருஷம் லீவுக்கு வந்து அந்த மரத்தடியில்தான் இவள் அணில் துரத்தினாள். சாக்லேட் அதிலிருந்து வருகிறது என்று நாங்கள் யாருமே இவளுக்குச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடனே வீடியோவில் அப்புச்சியைப் பிடித்தாள். அப்பாவுக்கு ஒரே குஷி. தோப்புக்குள் நடந்து காயைக் காட்டினார். வெட்டி, வெள்ளைச் சதைக்குள் இருக்கும் விதையைக் காட்டினார். "பாதியை அணில் தின்னுருதுடி தங்கம்!" என்று புகார் வேறு.

மருமகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில், "அப்புச்சி, பின்னாடி காய் உடைக்கிறாங்களே, அந்தப் பாட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

அப்பா சொன்னார்.

"காய் பறிக்கிற தாத்தாவுக்கு?"

அதையும் சொன்னார். இது அதிகம்.

"ரெண்டு பேரும் ஒரே நேரம்தானே வேலை பார்க்கறாங்க? பாட்டிக்கு ஏன் கம்மி?"

போனில் ஆம்ஸ்டெல்வேனிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் நிசப்தம். "சிக்னல் சரியில்ல கண்ணு" என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார். படம் பளிச்சென்றுதான் இருந்தது!

"பெரியவங்களை இப்படியா கேக்கறது?" என்று தங்கை அவளை அதட்டினாள். மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து மெதுவாக, "நான் பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் மச்சான். இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டதில்லை" என்றார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் குழந்தைகளின் கண்காட்சி. மருமகள் தோப்பு போட்டோவை ஒட்டி, பக்கத்தில் அந்த இரண்டு கூலியையும் ரூபாயிலும் யூரோவிலும் எழுதி வைத்திருந்தாள். பெருக்கல் எல்லாம் சரியாகவே இருந்தது. சரிபார்த்தவன் நான். தங்கையும் உற்றுப் பார்த்தாள். இருந்தாலும் வாய்ப்பாடு புத்தகங்களைத் திருப்பித் தரவில்லை. ஒன்றை பாத்ரூம் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஜூன் பற்றி இன்னும் முடிவு தெரியாது.

ஊர் வந்து சூட்கேஸை இறக்கியதும் அப்பா பயணம் எப்படி என்று கேட்கவில்லை, குளிர் எப்படி என்றும் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ள லீவுக்கு எப்பொ வருதுன்னு சொன்னா?" என்றார்.