பழைய றலியின் பெறுமதி

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றிலே துவிச்சக்கர வண்டியும் ஒரு முதுசமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. தந்தை ஓடிய வண்டியை மகன் ஓடுவதும், அதனைப் பேரன் துடைத்து வைப்பதும் இங்கு புதுமையல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோல் அரிதாகியபோது விறகும் நெல்லும் நோயாளரும் இவ்வண்டிகளிலேயே சென்றனர். வீட்டு வானொலியும் வண்டியின் டைனமோவைச் சுழற்றியே இயங்கிற்று. 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வேளையிலே, கொட்டில்களில் தூசி படிந்து கிடந்தவை மீண்டும் வெளியே வந்தன, விலையும் ஏறிற்று. அவ்வேளையில்தான் நானும் ஒரு பழைய றலி வாங்க விரும்பினேன்.

எங்கள் ஊரிலே நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். “தம்பி, பெயின்ரைப் பாத்து மயங்காதை. பெயின்ற் புதிசெண்டால்தான் பயப்பட வேணும்” என்றார் அவர். புதிய வர்ணம் பழைய காயத்தை மறைக்கும். முன்பக்கம் மோதிய வண்டியிலே, கைபிடிக்குக் கீழே குழாய்கள் பொருந்துமிடத்தை அடுத்து, வர்ணம் வெடித்தோ குழாய் சற்றே நெளிந்தோ இருக்கும். தலைக்குழாயிலிருந்து பின்னச்சு வரை இருபுறமும் நூல் பிடித்து, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமா என அளந்தால் சட்டகத்தின் கோணல் தெரிந்துவிடும். சில்லும் செயினும் மாற்றத்தக்கவை. வளைந்த சட்டகத்துக்கு மருந்தில்லை.

அடுத்து அவர் கூறியது குண்டுகள் உருளும் கிண்ணங்களைப் பற்றியது. நொட்டிங்ஹாமிலே உருவான பழைய றலிகளின் மரையில் ஓர் அங்குலத்துக்கு 26 புரிகள் உண்டு. ஏனைய பிரித்தானிய வண்டிகளில் 24 என்பதே பொதுவழக்கு. ஆகவே றலியின் கிண்ணம் தேய்ந்துவிட்டால் கடையில் கிடைக்கும் வேறொன்று அதிற் பொருந்தாது. அன்றியும், ஹம்பர் 1932இலும் ரட்ஜ் 1943இலும் றலி நிறுவனத்தின் வசமாயின. இவ்வண்டிகளின் உறுப்புகள் பிற்காலத்திலே ஒன்றோடொன்று கலந்துபோவதும் உண்டு. பெடல் சுற்றும் பற்சக்கரத்தைப் பார்த்தால் உண்மை புலப்படும்: றலிக்கு நாரைகள், ஹம்பருக்கு மனித உருவங்கள், ரட்ஜுக்குக் கை.

இந்தப் பாடத்துடன் ஒரு வீட்டுக்குச் சென்றேன். காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி. அவருடைய மனைவி தனியே இருந்தார். சாக்கை நீக்கியதும் கருநிறமும் மங்கிய பொற்கோடுகளும் தெரிந்தன. நூல் பிடித்தேன்; சட்டகம் நேராக இருந்தது. மூன்று நாரைகளும் உரிய இடத்தில் இருந்தன. பின்சில்லின் மூன்று கியர் கொண்ட ஸ்ரர்மி ஆர்ச்சர் குடத்திலே 57 எனப் பொறித்திருந்தது. அது செய்யப்பட்ட ஆண்டு 1957 என்பது அதன் பொருள். முன்சில்லைத் தூக்கிச் சுற்றினேன். ஓசையின்றி நெடுநேரம் சுழன்றது.

இவற்றில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பின்றிம் துருவேறியதையும், பற்கள் கூராகத் தேய்ந்ததையும், ஒரு பெடல் மாற்றப்பட்டிருந்ததையும் மாத்திரம் உரத்துக் கூறினேன். ஒவ்வொரு குறைக்கும் அந்த அம்மா விலையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். குறையேதும் பொய்யல்ல, ஆயினும் என் பேச்சு முழுவதும் பொய்யாகவே இருந்தது.

“எனக்கு இதுகள் ஒண்டும் தெரியாது தம்பி. அவர் சனிக்கிழமை எண்டால் இதைப் பிரிச்சுப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்” என்றார்.

அச்சில்லு ஏன் ஓசையின்றிச் சுழன்றது என்பது அப்பொழுது விளங்கிற்று. ஒரு மனிதர் பல்லாண்டுகளாக இட்ட உழைப்பை நான் விலையின்றிக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தேன்.

“அம்மா, நீங்கள் முதலிற் கேட்டதே குறைவு” என்று தொடங்கி, சட்டகத்தையும் குடத்தையும் பற்றி அறிந்தவற்றைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாமென மறுப்பார் என என் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மறுக்கவில்லை. “அப்ப, தம்பி, அதையே தாருமன்” என்றார். பாதியை அன்றும் மீதியை அடுத்த மாதமும் கொடுத்தேன்.

திருத்துபவர் விலையைக் கேட்டு, “கூடக் குடுத்திட்டாய்” என்று கடிந்துகொண்டார். பின்பு முன்சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பேசாதிருந்தார்.

பல்கலைக்கழகத்திலே நாம் பெறும் பயிற்சியிற் பெரும்பகுதி குறைகாணும் பயிற்சியே. நூலாயினும் கருத்தாயினும் அதன் விரிசலைக் கண்டுபிடிப்பவன் கெட்டிக்காரன் எனப்படுகிறான். அப்பயிற்சி வேண்டியதே, அது இன்றேல் புதுவர்ணத்தில் மயங்கிவிடுவோம். ஆயினும் குறையைச் சொல்லி நிறையை மறைப்பவன் மதிப்பிடுபவன் அல்லன், பேரம் பேசுபவனே. இவ்வேறுபாட்டை நான் கற்றது விரிவுரை மண்டபத்திலன்று, அந்தக் கொட்டிலின் வாசலிலேதான்.