வண்டியிடம் கேட்ட கேள்விகள்

பழைய வண்டி வாங்கப் போகிறவரின் கண் முதலில் செல்வது, அது ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணின் மீதுதான். 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் பார்க்கச் சென்ற மகிழுந்தில் அந்த எண் 1,84,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வண்டிக்கு வயது பதினாறு. கேட்ட விலை 2,40,000 ரூபாய். ஓய்வு பெற்ற காலத்தில் கைக்கு வந்த தொகையில் அது சிறிய பங்கன்று. ஆயினும் நாங்கள் சென்றோம்.

நாங்கள் வாழ்வது ஆரணியில். பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி வேறு. எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்திற்கும் புதுவாயலுக்கும் இடையே ஆரணியாற்றை ஒட்டி அமைந்தது. எங்களில் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்தவர். மற்றவர் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். இக்கட்டுரையில் எங்களை ‘ஓட்டுகிறவர்’ என்றும், ‘பக்கத்தில் அமர்கிறவர்’ என்றும் குறித்தால் போதும். முப்பது ஆண்டு இல்லறத்தில் எங்கள் இடங்கள் அவ்வாறே அமைந்துவிட்டன.

ஓட்டுகிறவரின் ஆசை இன்று நேற்று முளைத்ததன்று. எங்கள் ஊரிலிருந்து சென்னை செல்லும் வழியில் உள்ளது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் அங்கே பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. கோவையைச் சேர்ந்த கரிவரதன் போன்றோர் சீறிப் பாய்ந்த தளம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தபின் சோழவரத்தின் ஆரவாரம் ஓய்ந்தது. அதற்கு முன், பள்ளிப் பருவத்தில், பேருந்துக் கட்டணத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு அங்கே போய் வெயிலில் நின்ற சிறுவர்களுள் எங்களவரும் ஒருவர்.

பின்னர் 1998இல் திருவள்ளூரிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானிய மிட்சுபிஷியுடன் இணைந்து லான்சர் கார்களை உருவாக்கத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில்தான் ஃபின்லாந்து நாட்டு டாமி மாக்கினென், லான்சர் எவல்யூஷன் வண்டியில் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றார். உலகத்தின் மறுகோடியில் பனியிலும் சேற்றிலும் வென்ற வண்டியின் உடன்பிறப்பு, நம் மாவட்டத்துத் தொழிலாளர் கைகளால் உருவாகி, லாரிகளில் ஏறி நம் கண்முன்னே போவதைப் பார்த்து நின்றது ஒரு காலம். 2006இல் செடியா வந்தது. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன். நான்கு கதவுகள் உடைய அதனை விளையாட்டுக் கார் என்று வல்லுநர்கள் ஒப்பமாட்டார்கள். ஃபிட்டர் வேலைக்குச் சைக்கிளிலும் பின்னர் மொபெட்டிலும் போனவருக்கு அது விளையாட்டுக் கார்தான். அத்தொழிற்சாலையில் இன்று லான்சரும் இல்லை, செடியாவும் இல்லை. 2021 முதல் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் கார்கள் அங்கிருந்து வெளிவருகின்றன.

இத்தனை ஆண்டு பொறுத்தவர் இப்போது ஏன் அவசரப்பட்டார்? அதற்கும் காரணம் உண்டு. அவ்வாண்டுத் தொடக்கத்தில் கண் மருத்துவர், ஓட்டுகிறவருக்குக் கண் நீரழுத்த நோய் இருப்பதாகச் சொன்னார். இந்நோய் ஓசையின்றி வருவது. நடுப்பார்வை தெளிவாக இருக்கும். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை படிக்கலாம். ஓரப் பார்வைதான் முதலில் தேயும். தேய்ந்தது திரும்ப வராது. சொட்டு மருந்து மேலும் தேயாமல் காக்க உதவும், அவ்வளவே. இரவில் ஓட்ட வேண்டாம் என்றார் மருத்துவர். பார்வைப் புல ஆய்வுக்கு ஒரு நாளும் குறித்துத் தந்தார். நாங்கள் அந்த நாளைத் தள்ளிப்போட்டோம். “ஓட்டினால் இன்னும் சில ஆண்டுகள்தான்” என்ற எண்ணம் மட்டும் வீட்டில் குடியேறிவிட்டது. ஆசைக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டால் அது வேகம் கொள்கிறது.

வண்டியைச் சோதிப்பதில் குறை வைக்கவில்லை. ஆரணியில் நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றோம். எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. முதல் உயிர்ப்பில் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெண்புகை நிற்காமல் வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் பாலாடை போலப் படிந்திருந்தாலும் அதே ஐயந்தான். இவற்றுள் எதுவும் இல்லை. பிரேக் மிதியின் ரப்பரும் இருக்கையின் ஓரமும் தேய்ந்திருந்த அளவு, மீட்டர் சொன்ன தொலைவுக்குப் பொருந்தியது. எண்ணைக் குறைத்துக் காட்டும் திருகுதாளம் இங்கே நடக்கவில்லை.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் நீரில் மூழ்கிய கார்கள் பல, கழுவித் துடைக்கப்பட்டுப் பழைய வண்டிச் சந்தைக்கு வந்ததை அறிவோம். எனவே இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக்கோடு உண்டா என்று பார்த்தோம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தோம். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துருவைத் தேடினோம். வண்டி சுத்தமாக இருந்தது. பதிவுச் சான்று பதினைந்து ஆண்டு முடிந்தபின் முறையாகப் புதுப்பிக்கப்பட்டு 2029 வரை செல்லுபடியாகும் நிலையில் இருந்தது. கடன் நிலுவையும் இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, உரிமையாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். 2009இல் வண்டி வாங்கிய நாள்முதல் ஒவ்வோர் ஆயில் மாற்றமும், ஒவ்வொரு டயரும், நாளும் கிலோமீட்டரும் குறித்துக் கைப்பட எழுதப்பட்டிருந்தன. குறைந்த தூரம் ஓடிக் கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டியைவிட, நெடுந்தூரம் ஓடி இவ்வாறு பேணப்பட்ட வண்டி மேலானது என்றார் அண்ணன். செலவையும் மறைக்காமல் சொன்னார். டைமிங் பெல்ட்டை உடனே மாற்ற வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே பழுதாகிவிடும். கிளட்ச்சும் சஸ்பென்ஷன் புஷ்களும் கடைசிக் காலத்தில் இருந்தன. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்களையும் கவனிக்க வேண்டும். சில உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் அலைய நேரும். எழுபதாயிரம் ரூபாய் தனியே வைத்துக்கொண்டு வாங்கலாம் என்பது அவர் தீர்ப்பு. நாங்கள் உள்ளுக்குள் வாங்கிவிட்டோம்.

மறுநாள் காலை, உரிமையாளரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு புதுவாயல் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அந்தச் சில நிமிடங்களை எவ்வாறு சொல்வது? மூன்றாவது கியரில் எஞ்சினின் குரல் மாறியபோது, ஓட்டுகிறவரின் முகத்தில் சோழவரத்துச் சிறுவன் வந்து அமர்ந்தான். பக்கத்தில் அமர்கிறவர் சாலையை விட்டு அம்முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்ததால்தான், அதற்கு அப்பால், வலப்புறச் சந்திலிருந்து மிதிவண்டியில் வந்த பள்ளிச் சிறுமி அவர் கண்ணில் பட்டாள். அலறினார். வண்டி நின்றது. நிற்கத் தெரிந்த வண்டி அது. சிறுமி ஒரு காலை ஊன்றி எங்களைப் பார்த்துவிட்டு, மிதித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது இரண்டு கை நீளம்.

வீடு வரும்வரை எவரும் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின் ஓட்டுகிறவர் சொன்னது இவ்வளவே: “அந்தப் பிள்ளை எனக்குத் தெரியவே இல்லை.”

அவ்வாரமே பார்வைப் புல ஆய்வுக்குச் சென்றோம். கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே நோக்கியபடி, ஓரங்களில் ஒளிப்பொட்டு தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவுத் தாளில் வலக்கண்ணின் வெளி ஓரம் கறுத்திருந்தது. இனி ஓட்ட வேண்டாம் என்றார் மருத்துவர். பகலிலும்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு வண்டியின் புகையை, ஆயிலை, துருவை, சேற்றுக்கோட்டை எல்லாம் துருவி ஆராய்ந்தோம். அதன் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று ஐயுற்றோம். அறுந்துவிடக்கூடிய பெல்ட்டுக்குப் பணம் ஒதுக்கினோம். ஓட்டப்போகும் கண்ணைப் பற்றிய கேள்வியை மட்டும், விடை என்னவாக இருக்கும் என்று அஞ்சி, தள்ளிப்போட்டோம். சோதனையில் வண்டி தேறியது. தேறாதவர்கள் நாங்கள். ஓட்டுகிறவரை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. பக்கத்தில் அமர்கிறவருக்கும் மருத்துவர் குறித்த நாள் தெரியும். அந்த முகத்து மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராமல் வாய் மூடியிருந்ததும் அவரே. அன்பு என்று நாம் பெயரிட்டுக்கொள்ளும் மௌனம் சாலையில் யாரோ பெற்ற பிள்ளையின் உயிரோடு விளையாடும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆசைப்பட்டது குற்றம் என்று இன்றும் நாங்கள் நினைக்கவில்லை. நாற்பது ஆண்டு காத்த ஆசை மதிப்புக்குரியது. ஆயினும் ஆசை எவ்வளவு பழையதோ, அவ்வளவு கவனமாக அதனிடம் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

உரிமையாளரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, “ஏறுங்கள் ஐயா” என்று முன்கதவைத் திறந்துவிட்டுத் தாமே ஓட்டினார். ஆரணியாற்றுப் பாலம்வரை சென்று திரும்பினோம். எங்களில் ஓட்டுகிறவர் அன்று முதன்முறையாகப் பக்கத்தில் அமர்ந்தார்.

மற்றவர் இப்போது பெரியபாளையத்தில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போய்வருகிறார். விளையாட்டுக் காருக்காக அன்று. மருத்துவமனைக்கு மாதந்தோறும் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்திருக்கிறோம். காலை மணி ஏழு, இரவு மணி ஒன்பது, சொட்டு மருந்து விட்டாயிற்று என்று நாள்தோறும் அதில் எழுதி வருகிறோம்.